கழுவி வந்த கேரியர்

மத்தியானத் தொழுகையை முடித்துவிட்டு சனோபர் கொல்லைப்பக்கம் வந்து உட்காரவும், முத்துமீனாவின் ஸ்கூட்டி சந்துக்குள் திரும்பவும் சரியாக இருக்கும். கோரிப்பாளையத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் போடுகிற கூச்சலுக்கு நடுவிலும் அந்த வண்டிச் சத்தம் சனோபருக்குத் தனியாகக் கேட்கும். மீனா இரண்டு பெரிய பைகளைத் தூக்கி வந்து குழாயடியில் வைப்பாள். பைகளுக்குள் முந்தின நாள் சாப்பாடு போன கேரியர்கள் இருக்கும். இரண்டு பேரும் எதிரெதிரே பலகை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள்.

அதற்கு அந்த வீட்டில் 'மிச்சம் பாக்குறது' என்று பெயர்.

தொழில் சின்னது. நாலே பெண்கள். சனோபர் சமைப்பாள், முத்துமீனா கொண்டுபோய்க் கொடுப்பாள், சனோபருடைய நாத்தனார் மகள் ஃபாயிஸா காய் நறுக்குவாள், போன் எடுப்பாள், தங்கப்பொண்ணு பாத்திரம் தேய்ப்பாள். சனோபரும் மீனாவும் முன்பு ஒரு கேன்டீனில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கொரோனாவில் கேன்டீனை மூடியபோது வெறுங்கையோடு வெளியே வந்து, இரண்டு பேருமாக ஆரம்பித்ததுதான் இந்தச் சாப்பாட்டுக் கேரியர். வாங்குகிறவர்கள் எல்லாரும் வயசானவர்கள். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் அதற்கு அப்பாலும் இருக்க, கோச்சடையிலும் வண்டியூரிலும் வீட்டைக் காத்துக்கொண்டு தனியாக இருக்கிறவர்கள்.

அவர்களிடம் மீனா முதல் நாளே சொல்லிவிடுவாள்: "கேரியரக் கழுவக் கூடாது, ஆமா. மிச்சம் மீதியோட அப்படியே குடுங்க. நாங்க பாக்கணும்."

"நாத்தம் எனக்கில்ல அடிக்குது!" என்று தங்கப்பொண்ணு மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவாள். அவளை இரண்டு பேரும் சட்டை செய்வதில்லை.

ஒரு தடவை வண்டியூர் டீச்சரம்மா கேரியரைத் திறந்துவிட்டு சனோபர், "பாரு மீனா, நேத்தும் ரசம் மட்டுந்தான் காலி. சோறு கிண்டவே இல்ல" என்றாள்.

"ஆமாக்கா, கதவத் தொறக்குறப்ப சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு நின்னாங்க. இந்த வேக்காட்டுல எதுக்குப் போத்துறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் மீனா. சொன்ன வாயை மூடவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். டெங்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். கேரியரைப் பார்க்கிற கண் ஒன்று, ஆளைப் பார்க்கிற கண் ஒன்று. ஆண்டவன் விவரத்தை எல்லாம் ஒரே தலையில் கொட்டிவிடாமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டு வைத்திருப்பதே, நாம் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்றுதானோ என்னவோ.

கோச்சடைப் பேச்சிமுத்து சாரின் கேரியரை மீனா எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வாள், சிரிப்பதற்காக. அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் தமிழ்வாணி மெல்பர்னில். மென்ற முருங்கைக்காய்ச் சக்கைகளை மூடியில் டிப்போவில் பஸ் நிறுத்துவதுபோல வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். கத்திரிக்காய் போனபடியே திரும்பி வரும்.

"சாரு இன்னைக்கும் கத்திரிக்காய ஷெட்டுக்கே திருப்பி விட்டுட்டாருக்கா!"

"தால்ச்சா?"

"அதுல எங்க மிச்சம்? வழிச்ச தடம் தெரியுது."

சனோபருக்கு அதைக் கேட்க மனசு குளிரும். கறியும் பருப்பும் சேர்த்து வைக்கிற அந்தத் தால்ச்சாக் குழம்பு, பிறந்த வீட்டில் அத்தா வழியில் வந்த கைப்பக்குவம்.

இத்தனையும் இந்த வருஷத்து நோன்பு வரைக்கும்தான்.

நோன்பு வைத்துக்கொண்டு சனோபர் உப்புப் பார்க்க மாட்டாள். ஃபாயிஸாவுக்கும் நோன்பு. அதனால் அந்த மாதம் முழுக்க சனோபரின் நாக்கு மீனாதான். காலையில் வந்ததும் உள்ளங்கையை நீட்டுவாள். சனோபர் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவாள். மீனா கண்ணை மூடி நக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கல்லு போடுக்கா" என்பாள். ஐந்து வருஷமாக அதில் ஒரு பிசகு வந்ததில்லை.

இந்த வருஷம் முதல் வாரத்திலேயே பிசகிவிட்டது. "இன்னும் போடு, இன்னும் போடு" என்று மீனா சொல்லச் சொல்ல சனோபர் போட்டாள். மத்தியானம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. மாமனாருக்குப் பிரஷர் இருக்கிறது, குழம்பு என்று கடல் தண்ணீரையா அனுப்பினீர்கள் என்று மருமகள் கத்தினாள். ஃபாயிஸா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வெயில், அடுப்புச் சூடு, வெறும் வயிறு. சனோபர் சொன்னாள்:

"மன்னிச்சுக்கங்கம்மா. நோன்புல நான் வாயில வச்சுப் பாக்க முடியாது. நாக்குச் செத்தவ ஒருத்திய நம்பி உப்பப் போட்டேன். என்னையச் செருப்பால அடிக்கணும்."

திரும்பினால் வாசல்படியில் ஹெல்மெட்டும் கையுமாக மீனா நிற்கிறாள்.

அவள் உள்ளே வந்தாள். பைகளைக் குழாயடியில் வைத்தாள். "வாரேன்க்கா" என்று போய்விட்டாள். மிச்சம் பார்க்க உட்காரவில்லை.

மறுநாள் தங்கப்பொண்ணு தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். வாயெல்லாம் வேப்பங்காயாக் கசக்குதுன்னா. லீவு போட்டா நோன்போட நீ அல்லாடுவேன்னுதான் வந்தா. அவளப் போயி…"

சனோபருக்குச் சுருக்கென்றது. நோன்பிருந்த வாயில் வந்த வார்த்தை அது. மற்ற நாளில் வந்திருந்தாலாவது பரவாயில்லை. இன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு ஃபாயிஸா பக்கத்தில் இருந்தாள். அடுத்த நாள் மீனா நிற்கவில்லை. சரி, நோன்புப் பெருநாளன்று கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். வெட்கத்தை அதிக நாள் உள்ளே வைத்திருந்தால் அது கோபமாகப் புளித்துவிடும். 'காய்ச்சல்னு அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று தோன்ற ஆரம்பித்தது.

மீனா வேலையை விடவில்லை. வருவாள், நிறைந்த பைகளை எடுத்துக்கொண்டு போவாள், காலியானதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள். உள்ளங்கை நீட்டுவதும் நின்றுபோயிற்று. தங்கப்பொண்ணு உப்புப் பார்த்தாள்.

"மாமி, நேர்ல பேசிக்கலேன்னா என்ன? எல்லாத்தையும் வாட்ஸப்புல போட்டுக்கலாம்" என்று ஃபாயிஸா ஒரு குரூப் ஆரம்பித்தாள். அதில் மீனா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

சனோபர் தனியாக உட்கார்ந்து கேரியர்களைத் திறந்தாள். பேச்சிமுத்து சாருடையதைத் திறந்தபோது சோப்பு வாசனை அடித்தது. சக்கை இல்லை, கத்திரிக்காய் இல்லை, ஒரு பருக்கை இல்லை. பளபளவென்று இருந்தது.

"கழுவக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்கோம்" என்று ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாச் சாப்பிட்டிருப்பாரு. அந்த நன்றிக்குக் கழுவுறாரு" என்றாள் தங்கப்பொண்ணு. "ஒலகத்துல இவரு ஒருத்தருதான் எம்மேல எரக்கப்பட்ட மனுசன்."

மறுநாளும் அப்படியே வந்தது. அதற்கு மறுநாளும். உப்பு விஷயத்தில் பட்ட அவமானத்துக்கு மருந்து தடவியதுபோல இருந்தது சனோபருக்கு. கத்திரிக்காயைக்கூட விடாமல் சாப்பிடுகிறாரே! ஃபாயிஸாவைப் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள்.

"அருமைன்னு சொன்னாரு மாமி. ஒரே வார்த்தைதான். தொண்ட கட்டியிருக்காம்."

"ஃபேனுக்கு அடியில படுத்திருப்பாரு" என்றாள் சனோபர். அன்றிலிருந்து அவருக்குத் தால்ச்சா ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

பெருநாளன்று ஒரு தூக்குவாளி நிறைய பிரியாணி வைத்து மீனா வீட்டுக்கு ஃபாயிஸாவிடம் கொடுத்தனுப்பினாள். தான் நேரில் போயிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தூக்குவாளி மறுநாள் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தருகிற பழக்கம் மீனாவுக்குக் கிடையாது; ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பாள். 'இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா' என்று சனோபர் முணுமுணுத்தாள். அந்தத் தூக்குவாளியைப் படிக்கத் தெரிந்தவளுக்கு, பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருந்த கேரியரைப் படிக்கத் தெரியாமல் போயிற்று.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையத்தில் கால் வைக்க இடமிருக்காது. அன்று சாப்பாடு கிடையாதென்று எல்லாருக்கும் முன்பே சொல்லியாகிவிட்டது. மீனா அழகரைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் சனோபருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிற மனுஷன் திருநாளும் அதுவுமாகப் பட்டினி கிடப்பதா? ஒரு கேரியரை மட்டும் கட்டிக்கொண்டு, புர்காவை மாட்டிக்கொண்டு, தெரிந்த ஆட்டோவில் செல்லூர் வழியாகச் சுற்றிக் கோச்சடைக்குப் போனாள். அவரை அவள் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மாடிப்படியில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. தெருநாய் என்று சொல்ல முடியாத கொழுப்பு. அவள் அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி ஏறினாள். அவை வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தன.

கதவைத் திறந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் தனியாக நின்றது.

"மீனா வரலையா?" குரல் வெறும் காற்றாக வந்தது.

"அழகரப் பாக்கப் போயிருக்கா சார். நான் சனோபர்."

"வச்சுட்டுப் போங்கம்மா. பெறகு சாப்பிட்டுக்கிறேன்."

"இருந்து போட்டுட்டுப் போறேன் சார். நீங்க சாப்பிடுறதப் பாக்க எனக்கும் ஆசை இருக்காதா?"

அவரால் மறுக்க முடியவில்லை. சோற்றைத் தால்ச்சாவில் குழைய மசித்து, புளியங்கொட்டை அளவு உருட்டி வாயில் வைத்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. விழுங்கினார். அது இறங்கவில்லை. இருமலில் மூக்கு வழியாக வந்துவிட்டது. கேரியர் மூடியின் சத்தம் கேட்டு வெளியே நாய்கள் கதவைப் பிறாண்டின. அவர் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல அந்தப் பக்கம் பார்த்தார்.

"எம்புட்டு நாளா சார் இப்படி?"

"நோன்புக்கு முன்னாடியே லேசா அடைச்சுச்சு. இப்பக் கஞ்சித்தண்ணிதான் எறங்குது. அதுவும் பாதி."

"அப்ப நான் குடுத்துவிட்டதெல்லாம்?"

"வாசல்ல மூணு பேரு இருக்காங்கள்ல. உங்க தால்ச்சான்னா அவங்களுக்கு உசிரு."

சனோபர் கேரியரை மூடினாள். "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா சார்? மிச்சத்தையாவது அப்படியே குடுத்திருக்கலாமே! அதுக்குத்தான கழுவாதீங்கன்னு சொன்னோம்!"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னார். "குடுக்கலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு அந்தப் புள்ள இந்தப் படியில உக்காந்து அழுதுச்சும்மா. உப்புக்காக நீங்க என்னமோ சொல்லிட்டீங்களாம்ல. நான் சோத்தத் திருப்பி அனுப்புனா, அதுக்கும் அவ நாக்கத்தான சொல்லுவீங்க? அதான் கழுவிக் குடுத்தேன்."

சனோபர் அவர் வாயைத் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "சாப்பாட்ட நிப்பாட்டியிருந்தாலாவது ஏன்னு கேட்டிருப்போமே சார்" என்றாள்.

"நிப்பாட்டிட்டா எங் கதவ யாரும்மா தட்டுவா?"

அவள் மீனாவுக்குப் போன் போட்டாள். அத்தனை நாள் கழித்து முதல் தடவை. பின்னால் கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தது.

"மீனா, நான் சார் வீட்ல இருக்கேன். மனுசன் எலும்புக்கூடா ஆகிப்போனாரு. நீ தெனமும் பாத்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

கூட்டத்தின் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு மீனா சொன்னாள்: "பாத்தேன்க்கா. எளச்சுக்கிட்டே வந்தாரு. நீ உப்புச் சப்பில்லாம ஆக்குற, அதான் சாப்பிட மாட்டேங்குறாருன்னு நெனச்சேன். நாக்கு உள்ளவ தானாக் கண்டுபிடிக்கட்டும்னு இருந்துட்டேன். மிச்சம் வந்திருக்கும்ல? நீ பாக்கலையா?"

"மிச்சமே வரல மீனா. தெனமும் கழுவித்தான் வந்துச்சு."

"கழுவியா?" என்றாள் மீனா. "சாரா கழுவுனாரு? அவரு காப்பி டம்ளரக்கூடக் கழுவ மாட்டாரேக்கா!"

இந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும், நோன்பு மாதத்தில் குழாயடியில் சொல்லப்பட்டிருந்தால்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. முன்னமே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். தினம் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தை அவருக்கு. மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சார் தடுத்துவிட்டார். சனோபரும் மீனாவும் மாறி மாறி இருந்தார்கள். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பேச்சிமுத்து சார் சிரித்தார். சமாதானமாகிவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தோஷம். அந்தச் சிரிப்புக்காக, அவர் கண் திறந்திருக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அவர் தூங்கினால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வைகாசி கழிவதற்குள் அவர் போய்விட்டார்.

மெல்பர்னிலிருந்து வந்த தமிழ்வாணி எல்லாக் காரியமும் முடிந்தபின் அவர்களைக் கூப்பிட்டனுப்பினாள். வீட்டைப் பூட்டப் போகிறாளாம். அவர்களுடைய கேரியர் ஒன்று அங்கே இருக்கிறதாம். இரண்டு பேரும் மத்தியான ரவுண்டு முடிந்து ஸ்கூட்டியிலேயே போனார்கள். தமிழ்வாணி கேரியரைக் கொடுத்துவிட்டு சனோபரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாசக்கணக்கா இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருக்கா. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. கேமரா ரிப்பேருன்னு முகத்தைக்கூடக் காட்டல. ஆனா சாப்பாட்டப் பத்தி மட்டும் தெனமும் சொல்வாரு. ஒரு பருக்கை விடல வாணி, கேரியரக் கழுவியே குடுத்துட்டேன்னு. வேற எது எறங்காட்டியும் உங்க கைச் சோறு எறங்கியிருக்கு. வயிறாரச் சாப்பிட்டுத்தான் போயிருக்காரு. எனக்கு இருக்குற ஒரே ஆறுதல் அதுதான்."

"இல்லம்மா, நாங்க…" என்று மீனா ஆரம்பித்தாள்.

தமிழ்வாணி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அழுகையில் தோள் குலுங்கியது. மீனா சனோபரைப் பார்த்தாள். சொன்னால் தங்கள் பாரம் இறங்கும். ஆனால் அந்தப் பாரம் போய் உட்கார இந்தப் பெண்ணின் தலையைத் தவிர வேறு இடமில்லை. சனோபர் தலையைக் குனிந்தாள். வாயால் அவள் பொய் சொல்லவில்லை. தமிழ்வாணி கொடுத்த நன்றியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய தண்டனையை வேறு யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது.

படியிறங்கினார்கள். கீழே நாய்கள் மூன்றும் எழுந்து வந்தன. விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. மீனாவை அவை கண்டுகொள்ளவில்லை. நேராக சனோபரிடம் வந்து, அவள் கையையும் அங்கியின் ஓரத்தையும் முகர்ந்து முகர்ந்து வாலை ஆட்டின. வேறு நாளாக இருந்தால் அலறி ஒதுங்கியிருப்பாள். இன்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒங் கை வாசம்க்கா" என்றாள் மீனா. "அதுகளுக்குத் தெரியும்."

குத்திக்காட்டவும் இல்லை, ஆறுதலும் இல்லை. சும்மா சொன்னாள். சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் இருந்த பையை எடுத்துவந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஒரு கேரியரைத் திறந்தாள். அதிலிருந்த சோற்றைக் கிண்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். சனோபரும் உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மாவோடது. சோத்துல பாதி இருக்கு. பொரியல் தொடவே இல்ல."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"கண்ணுக்குக் கீழ வீங்குனாப்ல இருந்துச்சு. தூக்கம் இல்லையாம்."

"காலு?"

"காலப் பாக்கல."

"நாளைக்குப் பாரு. பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு மீனா."

"சொல்றேன்."

மீனா மிச்சச் சோற்றை ஒரு காகிதத்தில் கொட்டி நாய்கள் பக்கம் நகர்த்தினாள். அடுத்த கேரியரைத் திறந்தாள்.